மத்தியான மேகத்துக்கு மட்டும் நின்ற பம்ப்: டிபக்கரும் டிரேஸும் அமைத்த அனுபவம்

உடுமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நாங்கள் பொருத்திய சோலார் பம்ப் டிரைவ் (பேனல் மின்சாரத்தை வைத்து மோட்டாரை ஓட்டும் பெட்டி) அடிக்கடி நின்றுபோய்க்கொண்டிருந்தது. திரையில் 'ஓவர் கரன்ட்' என்று காட்டும். ஒருமுறை அணைத்துப் போட்டால் ஓடும். கோவையிலிருந்து மூன்று முறை போய்ப் பார்த்தோம். மோட்டார், கேபிள், இணைப்புகள் எல்லாமே சரியாக இருந்தன. அளந்து பார்த்தபோதெல்லாம் மின்னோட்டம் எல்லைக்குள்தான் இருந்தது. மூன்றாம் முறை கிளம்பும்போது தோட்டக்காரர் சொன்னார்: "தம்பி, காலையில மேகம் வந்தா ஒண்ணும் பண்றதில்லீங்க. மத்தியானத்துக்கு மேல வந்தாத்தான் நிக்குது." சரி என்று தலையாட்டிவிட்டு வண்டி ஏறினேன். அந்த ஒரு வரியில்தான் விடை இருந்தது என்பது எனக்குப் புரிய இன்னும் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். மோட்டார், இன்வெர்ட்டர், பவர் சப்ளை என்று ஓடுகிற இயந்திரங்களுக்கு ஃபர்ம்வேர், அதாவது சிப்பின் உள்ளே ஓடும் நிரல், எழுதுகிற யாருக்காவது பயன்படும்.

டிரைவின் உள்ளே இருப்பது எஸ்டிஎம்32எஃப்407 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப். 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டெக்ஸ் எம்4. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து அளவிடும் பிடபிள்யூஎம் 20 கிலோஹெர்ட்ஸ். அதாவது 50 மைக்ரோநொடிக்கு ஒருமுறை மின்னோட்டத்தைப் படித்து, கணக்குப் போட்டு, அடுத்த சுற்றுக்கான மதிப்பை எழுதியாக வேண்டும். கோடு எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. அதே மாடல் டிரைவ் ஒன்றைப் பெஞ்சில் வைத்து, சோதனைத் தொட்டியில் பம்பை இறக்கி, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தேன். ஓவர் கரன்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு பிரேக்பாயின்ட், அதாவது அந்த வரிக்கு வந்ததும் நிரல் நிற்கும்படி ஒரு குறி, போட்டேன்.

பிரேக்பாயின்ட் வேலை செய்தது. கூடவே மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ஐஜிபிடி மாட்யூல் வெடித்தது.

காரணம் எளிது. டிபக்கர், அதாவது ஓடும் நிரலை வெளியிலிருந்து நிறுத்திப் பார்க்கும் கருவி, நிறுத்துவது சிபியூவை மட்டும்தான். டைமர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியாக எழுதிய மதிப்பிலேயே பிடபிள்யூஎம் போய்க்கொண்டே இருக்கும். நான் நிறுத்தியதோ அவுட்புட்டை அணைக்கும் வரிக்கு முந்தைய வரி. அந்த போர்டில் டைமரின் பிரேக் உள்ளீட்டுக்கு வன்பொருள் காப்பும் இணைக்கப்படவில்லை. ஒரே ஃபேஸில் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போனது, மாட்யூல் போய்விட்டது. இதற்கென்றே எஸ்டிஎம்32இல் டிபக் கன்ட்ரோல் ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. சிபியூ நின்றால் இந்த டைமரும் நிற்கட்டும், நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கும் நிற்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். அதைப் போட்ட பிறகும், பின்கள் எந்த நிலையில் போய் நிற்கின்றன என்று பவர் இல்லாமல் ஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கீழ் மேல் இரண்டு கேட்டும் அணைந்திருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே பஸ் வோல்டேஜை, அதாவது ஐஜிபிடிக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜை, கொடுக்க வேண்டும்.

ஆனால் டைமரை நிறுத்திக்கொண்டாலும் என் பிரச்சினை தீராது. பம்ப் ஓடும்போது என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும். நிறுத்திப் பார்த்தால் நின்ற கணம் மட்டும்தான் தெரியும், அதற்கு முன் நடந்தது தெரியாது. சீரியலில் பிரின்ட் செய்யலாம் என்றால் 115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்து வெளியே போக 87 மைக்ரோநொடி. என் சுற்றோ 50. ஓர் எழுத்து போவதற்குள் ஒரு சுற்று முழுசாக முடிந்து அடுத்தது பாதியில் இருக்கும்.

அப்புறம்தான், சிப்பை நிறுத்தாமலே உள்ளே நடப்பதைப் பார்க்கும் டிரேஸ் பக்கம் வந்தேன். கார்டெக்ஸ் எம்3, எம்4 சிப்களில் எஸ்டபிள்யூடி என்னும் இரண்டு கம்பி டிபக் இணைப்போடு எஸ்டபிள்யூஓ என்று மூன்றாவதாக ஒரு கம்பியும் உண்டு. முதல் இரண்டும் டிபக்கர் கேட்பதற்கு, இது சிப் தானாகச் சொல்வதற்கு. சிப்பின் உள்ளே ஐடிஎம் என்றொரு பகுதி இருக்கிறது. அதன் ரெஜிஸ்டரில் ஒரு மதிப்பை எழுதிவிட்டு சிபியூ நகர்ந்துவிடலாம், அதை வெளியே அனுப்பும் வேலையை வன்பொருள் பார்த்துக்கொள்ளும். டிடபிள்யூடி என்று இன்னொரு பகுதி. நாம் சொல்லும் மெமரி முகவரியில் சிபியூ எழுதினால், எழுதிய மதிப்பையும் எழுதிய கோடின் முகவரியையும் நிறுத்தாமலே அனுப்பும். எம்4இல் இப்படி நான்கு இடங்களைக் கண்காணிக்கலாம். எம்0 சிப்களில் ஐடிஎம்மும் கிடையாது, எஸ்டபிள்யூஓவும் கிடையாது. புது போர்டுக்கு சிப் தேர்ந்தெடுக்கும்போது இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். எம்0தான் வேண்டும் என்றால் செக்கர் (SEGGER) என்ற நிறுவனத்தின் ஆர்டிடி முறை இருக்கிறது. ரேமில் ஒரு பஃபர் வைத்து, டிபக்கர் அதைப் பின்னணியில் படித்துக்கொள்ளும் ஏற்பாடு.

முதல் தடை டிபக்கரிலேயே இருந்தது. என் கையில் இருந்தது பென்டிரைவ் போல இருக்கும் மலிவான எஸ்டி-லிங்க் (எஸ்டிஎம்32 தயாரிக்கும் நிறுவனத்தின் டிபக்கர்) நகல். அந்த வகையில் பெரும்பாலும் எஸ்டபிள்யூஓ பின் வெளியே வருவதில்லை. கம்பி இழுத்து உள்ளே பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதைவிட நல்ல வழி அலமாரியிலேயே இருந்தது, அதே நிறுவனத்தின் பழைய எஃப்4 டிஸ்கவரி சோதனை போர்டு. அதில் ஒரு பாதி முழு எஸ்டி-லிங்க். சிஎன்3 என்று போட்டிருக்கும் இரண்டு ஜம்பர்களையும் கழற்றிவிட்டால் டிஸ்கவரியின் சொந்த சிப்போடு தொடர்பு அறுந்து, ஓரத்தில் உள்ள ஆறு பின் இணைப்பு வழியாக வெளி போர்டுக்கு டிபக்கராகிவிடும். ஆறாவது பின் எஸ்டபிள்யூஓ. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது தடை எங்கள் போர்டு. எஸ்டபிள்யூஓ வருவது பிபி3 பின்னில். எங்கள் போர்டில் அந்த பின்னுக்கு ஒரு பச்சை எல்இடி கொடுத்திருந்தார்கள். 100 கால் சிப்பில் அது 89ஆவது கால். கால்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர், அங்கே நேராகக் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. டிராக்கைத் தொடர்ந்து போய் எல்இடிக்கு முன்னால் இருந்த 0603 ரெசிஸ்டரைக் கண்டுபிடித்தேன். அதை எடுத்துவிட்டு, சிப் பக்கத்துப் பேடில் ஒரு 33 ஓம் ரெசிஸ்டரை நிற்கவைத்து, அதன் மறுமுனையில் எனாமல் கம்பியைப் பற்றவைத்தேன். கம்பி அசைந்தால் பேடு பிய்ந்துவிடும். அதனால் ஒரு சென்டிமீட்டர் தள்ளி போர்டோடு சேர்த்துப் பசை வைத்தேன். பக்கத்திலேயே கிரவுண்டுக்கு இன்னொரு கம்பி, இரண்டையும் முறுக்கி ஒன்றாக எடுத்தேன். அந்த முறுக்கை விட்டுவிடாதீர்கள். முதலில் 20 சென்டிமீட்டர் தனித்தனி ஜம்பர் கம்பிகளோடு முயன்றபோது, மோட்டார் ஓட ஆரம்பித்ததுமே டிபக்கர் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. நீளத்தைப் பத்துக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு சிக்னலோடும் ஒரு கிரவுண்டை முறுக்கி, எஸ்டபிள்யூடி வேகத்தை 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து 480 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்த பிறகுதான் நிலைத்தது. வேகம் குறைந்தால் ஃபிளாஷ் எழுத இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. பம்ப் டிரைவ்களில் பெரும்பாலும் கன்ட்ரோல் கிரவுண்டும் டிசி பஸ்ஸின் மைனஸும் ஒன்றுதான். பெஞ்சில் நான் வேரியாக்கிலிருந்து (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) ரெக்டிஃபை செய்து பஸ்ஸுக்குக் கொடுத்திருந்தேன். வேரியாக் மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தாது. அப்படியென்றால் போர்டின் கிரவுண்டு மெயின்ஸோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. லேப்டாப்பின் கிரவுண்டோ மூன்று பின் சார்ஜர் வழியாக எர்த்தில். இரண்டையும் யூஎஸ்பி கேபிளால் இணைத்தபோது ஒரு பொறி பறந்தது, எம்சிபி விழுந்தது. டிபக்கரும் லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டும் செத்தன. கேபிளின் உலோக முனையைப் பிடித்திருந்த என் கை அதற்கு ஒரு நொடி முன்புதான் விலகியிருந்தது. அன்றைக்கு வேலையை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

மறுநாள் இரண்டு பொருள் வாங்கினேன். ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். இன்னொன்று ஏடியூஎம்4160 சிப் உள்ள யூஎஸ்பி ஐசொலேட்டர். அந்த சிப் நொடிக்கு 12 மெகாபிட் வரைதான் தாங்கும், எஸ்டி-லிங்க் வி2வுக்கு அது போதும். ஹைஸ்பீடு யூஎஸ்பி கேட்கும் டிபக்கர்களுக்கு அதற்குரிய ஐசொலேட்டர் வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அப்போது எர்த் வழி பாதை மட்டும்தான் அறுகிறது, லேப்டாப்பின் உலோகப் பாகம் முழுவதும் பஸ்ஸின் வோல்டேஜில் மிதக்கும். தொடுகிற ஆள்தான் பாதை. இரண்டு ஐசொலேஷனும் இருந்தாலும் பஸ் உயிரோடு இருக்கும்போது டிபக்கரையோ கம்பிகளையோ தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மென்பொருள் பக்கம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லினக்ஸில் டிபக்கரோடு பேசும் ஓப்பன்ஓசிடி என்ற மென்பொருளைப் போட்டேன். 2005இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் டொமினிக் ராத் என்ற மாணவர் தன் படிப்புக்கான ஆய்வாக ஆரம்பித்தது, இன்றைக்கு உலகமே பயன்படுத்துகிறது. ரூட் இல்லாமல் டிபக்கரைத் திறக்க யூடெவ் விதி (சாதனத்துக்கு அனுமதி தரும் வரி) வேண்டும். யூஎஸ்பி பட்டியலில் 0483:3748 என்று தெரிந்தால் அதுதான் எஸ்டி-லிங்க் வி2. ஓப்பன்ஓசிடி ஓடினால் 3333ஆம் போர்ட்டில் ஜிடிபி என்ற டிபக் மென்பொருளுக்காகக் காத்திருக்கும். ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜிடிபிக்குக் கொடுக்கும், ஃபங்ஷன் பெயர்களும் முகவரிகளும் உள்ள எல்ஃப் கோப்பும் சிப்பில் எழுதியிருக்கும் ஃபர்ம்வேரும் ஒரே பில்டாக இருக்க வேண்டும். ஒரு வரி மாறிய பழைய கோப்பைக் கொடுத்தால்கூட பிழை எதுவும் காட்டாது, தவறான ஃபங்ஷன் பெயர்களை நிதானமாகக் காட்டிக்கொண்டிருக்கும். நான் அரை நாள் அப்படித் தொலைத்தேன்.

டிரேஸை எழுப்பினேன். டிபக் ரெஜிஸ்டரில் 24ஆவது பிட்டைப் போட்டு டிரேஸ் பகுதிக்கு உயிர் கொடுத்தாயிற்று, பின்னை டிரேஸுக்கு ஒதுக்கியாயிற்று, 2 மெகாபிட் வேகமும் வைத்தாயிற்று. கம்பியில் ஏதோ வருகிறது, ஆனால் திரையில் முழுக்கக் குப்பை. இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். நானும் ஒரு நாள் முழுக்க செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஸ்கோப்பை எடுத்து எஸ்டபிள்யூஓ கம்பியில் வைத்து, இருப்பதிலேயே குறுகிய துடிப்பை அளந்தேன். 2 மெகாபிட் என்றால் அது 500 நானோநொடி இருக்க வேண்டும். இருந்ததோ 1.56 மைக்ரோநொடி.

168ஐ 1.56ஆல் பெருக்கினால் 262. அப்படியென்றால் சிப் 84ஆல் (168ஐ 2ஆல் வகுத்தால் வருவது) வகுப்பதற்குப் பதில் 262ஆல் வகுக்கிறது. ஃபர்ம்வேர் அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறது என்று தேடிப் போனேன். சிஸ்டம் கிளாக் மாறிலியில் 525 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது! லைப்ரரி கிரிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, எங்கள் போர்டில் இருப்பது 8. கிரிஸ்டல் வேகத்தைச் சிப்பின் வேகமாக மாற்றும் பிஎல்எல் பெருக்கல்களை 8க்குச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள், அதனால் சிப் உண்மையில் 168லேயே ஓடிக்கொண்டிருந்தது. கணக்கில் மட்டும் தவறு. மற்ற டைமர், சீரியல் எல்லாவற்றுக்கும் எண்களை நேரடியாக ரெஜிஸ்டரில் எழுதியிருந்ததால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. கிரிஸ்டல் மதிப்பை ஒரே இடத்தில் திருத்தியதும் திரையில் எண்கள் வரிசையாக ஓடின. எஸ்டபிள்யூஓவில் குப்பை வந்தால் முதலில் குறுகிய துடிப்பை அளந்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

இனி எதை அனுப்புவது என்ற கணக்கு. ஐடிஎம்மில் 32 பிட் மதிப்பு ஒன்றை எழுதினால் தலைப்போடு சேர்த்து 5 பைட், கம்பியில் 50 பிட், 2 மெகாபிட்டில் 25 மைக்ரோநொடி. 50 மைக்ரோநொடிச் சுற்றில் இரண்டு அனுப்பினாலே கம்பி நிரம்பிவிடும். நிரம்பினால் மிச்சம் தொலைந்துபோகும். அதனால் 16 பிட்டாக எழுதினேன். 3 பைட், 15 மைக்ரோநொடி. ஒவ்வொரு சுற்றிலும் ஃபேஸ் மின்னோட்டம், 10 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓவர் கரன்ட் எல்லையும், சென்சார் வோல்டேஜை எண்ணாக்கும் ஏடிசியின் மற்ற மதிப்புகளும் என்று வேறு வேறு சேனல்களில் பிரித்தேன். மணிக்கு 200 எம்பிக்கு மேல் கோப்பு வளரும், பரவாயில்லை. கூடவே டிடபிள்யூடியின் ஒரு கண்ணை எல்லை மதிப்பு இருக்கும் முகவரியின் மேல் வைத்தேன். யார் அதில் எழுதினாலும் தெரியட்டும் என்று.

பவர் கொடுத்ததும் டிடபிள்யூடியிலிருந்து ஒரே ஒரு பாக்கெட் வந்தது. துவக்க ஃபங்ஷன் எல்லையில் 3400 என்று எழுதியதைச் சொன்னது. கண் வேலை செய்கிறது என்று நிம்மதி. பிறகு நாற்பது நிமிடம் பம்ப் ஓடியது, எல்லை 3400லேயே இருந்தது, புதிதாக ஒரு பாக்கெட்டும் இல்லை. அப்போதுதான் தோட்டக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. மேகம். வேரியாக்கைக் கீழே இறக்கினேன், பம்ப் நின்றது. மெதுவாக மேலே ஏற்றினேன், டிரைவ் தானாக மறுபடி கிளம்பியது. வேகம் பிடித்து முழு லோடுக்கு வரும்போது 'ஓவர் கரன்ட்'.

கோப்பைத் திறந்தேன். 3400, 3400, 3400, 2710. அந்த இரண்டு மதிப்புகளுக்கும் நடுவே டிடபிள்யூடி பாக்கெட் ஒன்றுகூட இல்லை. மதிப்பு மாறியிருக்கிறது, ஆனால் சிபியூ எழுதவில்லை.

டிடபிள்யூடி பார்ப்பது சிபியூவின் போக்குவரத்தை மட்டும்தான். சிபியூ இல்லாமலே மெமரியில் நேரடியாக எழுதும் டிஎம்ஏ என்ற பகுதி எழுதுவது அதன் கண்ணில் படாது. ஜிடிபியில் வாட்ச்பாயின்ட் வைத்தாலும் இதே கதைதான். ஆகவே பாக்கெட் வராததே ஆளைக் காட்டிக்கொடுத்தது. அடுத்து 2710 என்ற எண். பக்கத்து சேனலைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் ஹீட்சிங்க் வெப்ப சென்சாரின் ஏடிசி மதிப்பும் 2710!

மிச்சம் கோடில் இருந்தது. டிரைவ் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மின்னோட்ட சென்சாரின் பூஜ்யத்தைச் சரிபார்க்க டிஎம்ஏ வழியாக ஏடிசியைப் படிக்கிறது. பஃபரில் 8 இடம், ஒவ்வொன்றும் 16 பிட். டிஎம்ஏவுக்கு எத்தனை மதிப்புகள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எத்தனை பைட் என்று 16ஐக் கொடுத்திருந்தார்கள். எட்டு மதிப்பு பஃபரைத் தாண்டி வழிந்தது, அதில் நான்காவதான ஹீட்சிங்க் வெப்ப மதிப்பு எல்லை மதிப்பின் மேல் விழுந்தது. மற்ற இடங்களில் இருந்தவை அடுத்த சுற்றிலேயே புதிதாக எழுதப்படுபவை, அதனால் சேதம் தெரியவில்லை. பவர் போட்டுக் கிளம்பும்போது இந்தச் சரிபார்ப்புக்குப் பிறகுதான் எல்லை எழுதப்படுகிறது, அதனால்தான் அணைத்துப் போட்டால் ஓடியது. மேகத்துக்குப் பிறகு தானாகக் கிளம்பும்போது எல்லையை யாரும் திருப்பி எழுதுவதில்லை. காலையில் ஹீட்சிங்க் குளிர்ந்திருக்கும், மதிப்பு 3300க்கு மேல், பம்ப் ஓடிவிடும். மத்தியானம் சூடேறி 2700க்கு இறங்கியிருக்கும், வெயில் திரும்பி வந்ததும் முழு லோடில் நின்றுவிடும். அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

திருத்தம் ஒரே எண், 16க்குப் பதில் 8. கூடவே எல்லையை ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் புதிதாக எழுதவைத்தேன்.

இதற்குப் பிறகு டிரேஸ் என் அன்றாடக் கருவியாகிவிட்டது. ஆர்புகுலம் என்ற திறந்த மென்பொருள் தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். அதில் ஆர்ப்டாப் என்றொன்று, சிபியூ எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறது என்று ஓட ஓடக் காட்டும். முதல் முறை ஓட்டியபோது பட்டியலின் உச்சியில் நான் எழுதாத ஒரு பெயர் இருந்தது, டபுள் (64 பிட் தசம எண்) பெருக்கலுக்கான லைப்ரரி ஃபங்ஷன். எஃப்407இன் கணித வன்பொருள் சிங்கிள் பிரிசிஷனுக்கு மட்டும்தான். மாறிலிகளில் கடைசி எழுத்தாகப் போட வேண்டிய எஃப் விட்டுப்போனதால் கணக்கு முழுவதும் டபுளாகி மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டு இடங்களில் அந்த எழுத்தைச் சேர்த்தேன், அந்தப் பெயரே பட்டியலில் இருந்து போய்விட்டது.

ஓர் எச்சரிக்கை. சிப்பின் பின்களை அமைக்க உதவும் கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் பயன்படாத பின்களை எல்லாம் அனலாக் ஆக்கும் ஒரு வசதி உண்டு. டிபக் பின்களை ஒதுக்காமல் அதைப் போட்டுவிட்டால், அடுத்த முறை சிப் டிபக்கருக்குப் பதில் சொல்லாது. சிப் செத்துவிட்டது என்று கழற்றிவிடாதீர்கள். ரீசெட் கம்பியையும் இணைத்து, ரீசெட்டில் பிடித்தபடி இணைக்கும் முறையில் போனால் திரும்பக் கிடைத்துவிடும். அதனால் ரீசெட் இல்லாமல் டிபக் இணைப்பு வைக்கவே வைக்காதீர்கள்.

புது போர்டின் லேஅவுட் போன மாதம் முடிந்தது. டைமரின் பிரேக் உள்ளீட்டுக்கு இந்த முறை கம்பாரேட்டர் போட்டாயிற்று. பிஇ2 முதல் பிஇ6 வரை ஐந்து பின்களையும் வேறு எதற்கும் கொடுக்காமல் விட்டுவைத்தோம். அவை ஒரு கிளாக், நான்கு டேட்டா என்று முழு டிரேஸுக்கானவை. சிபியூ போன ஒவ்வொரு வழியும் அதில் வெளியே வரும். 20 பின், 1.27 மில்லிமீட்டர் இணைப்பு. அதைப் படிக்க எஃப்பிஜிஏ வைத்த ஆர்ப்டிரேஸ் மினி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், அதற்கேற்ற ஹைஸ்பீடு ஐசொலேட்டரோடு சேர்த்து. பச்சை எல்இடியை பிபி3இலிருந்து எடுத்து வேறு காலுக்கு மாற்றியாயிற்று. அந்த இடத்தில் சில்க்ஸ்கிரீனில் 'டிரேஸ்' என்று எழுதச் சொன்னேன்.